குடிப்பாட்டும் கடைக்கணக்கும்

ஈப்போவில் புந்தோங் பக்கம் அண்மையில் ஒரு திருமணத்திற்கு நாம் சென்றிருந்தோம். பந்தி முடிந்து, உறவினரில் பாதிப்பேர் விடைபெற்றுப் போன பின்னர், எஞ்சிய இளைஞர் சிலர் பந்தலில் வட்டமாக உட்கார்ந்து பாடத் தொடங்கினர். முதலில் சினிமாப் பாட்டுகள் வந்தன. அப்பால், தோட்டங்களில் ஒரு காலத்தில் வழங்கிய கள்ளுப் பாட்டுகள் இரண்டொன்று வந்தன. பிறகு, டப்ளின் நகரில் வைத்தியம் பயின்று திரும்பிய ஒரு தம்பி எழுந்து, தாம் அங்கே கேட்டுக் கற்ற பாட்டொன்றை ஆங்கிலத்திலேயே பாடினார். பல்லவியின் நடுவே நான்கு முறை கை தட்டவேண்டும் என்று முன்னதாகவே சொல்லிவைத்தார். பந்தல் முழுதும் தட்டிற்று. ஆங்கிலம் அறியாத முதியோரும் தட்டினர். நாமும் தட்டினோம், அதை மறைப்பானேன்?

பாட்டு ஓய்ந்ததும், மணமகனின் பாட்டியார் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, “இது என்ன பாட்டு ஐயா, இவ்வளவு குஷியா இருக்கு?” என்று கேட்டார். அவர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தம்பி பொருளை விளக்கினார். பல்லாண்டுகள் குடித்துத் திரிந்து காசையெல்லாம் தொலைத்தவன் ஒருவன், தான் வழக்கமாகப் போகும் மதுக்கடைக்குப் போகிறான். கையில் காசில்லை, கடனுக்குக் கொடு என்கிறான். கடைக்காரி, உன்னைப்போல் வாடிக்கைக்காரர் எனக்கு எந்த நாளும் கிடைப்பர் என்று கைவிரிக்கிறாள். உடனே அவன் பையிலிருந்து பத்துப் பொற்காசுகளை எடுத்துக் காட்டுகிறான். அவள் கண் அகல விரிகிறது. உயர்ந்த மதுவெல்லாம் இருக்கிறது, முன்னே சொன்னது வெறும் விளையாட்டு என்கிறாள். அவனோ வீடு திரும்பிப் பெற்றோரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போகிறான். இனி ஒருநாளும் அப்படித் திரியமாட்டேன் என்பதுதான் நாம் கைதட்டிய அந்தப் பல்லவி.

பாட்டியார் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “கடன் இல்லேன்னுட்டாளா அந்தக் கடைக்காரி? அப்ப அவ நல்லவதான் தம்பி. நம்ம தோட்டத்துல கள்ளுக்குக் கைக்காசு, அரிசிக்குத்தான் கடன்” என்றார்.

பந்தலில் சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. குடிப்பாட்டு என்னும் இலக்கிய வகையைப்பற்றி நாம் படித்திருந்த ஆராய்ச்சிகள் ஒன்றிலும் இல்லாத கேள்வி அந்த அம்மையாரின் வாய்மொழியில் இருந்தது. இக்கட்டுரையை அவ்வொரு வாக்கியத்துக்கு நாம் எழுதும் உரை என்று வாசகர் கொள்ளலாம்.

அந்த ஆங்கிலப் பாட்டை ‘வைல்ட் ரோவர்’ என்பார்கள். தறிகெட்டுத் திரிந்த நாடோடி என்பது பொருள். இன்று உலகமெங்கும் அது அயர்லாந்து நாட்டுக் குடிப்பாட்டு என்றே பெயர் பெற்றிருக்கிறது. 1960களில் டப்ளினர்ஸ் என்னும் பாட்டுக் குழுவினர் அதைப் பாடி இசைத்தட்டில் பதித்த பின்னர், மதுக்கடைகளிலும் கால்பந்தாட்ட மைதானங்களிலும் அது ஏறிவிட்டது. ஆனால் அதன் வேரைத் தோண்டினால் அயர்லாந்து கிடைப்பதில்லை. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தாமஸ் லான்பியர் என்பவர் எழுதி, ஒற்றைத் தாளில் அச்சாகித் தெருவில் விற்ற ஒரு பாட்டுதான் அதன் மூலம் என்று ஆராய்ந்தோர் காட்டியிருக்கின்றனர். பின்பு அது அமெரிக்கா வரையில் போயிற்று. 19 ஆம் நூற்றாண்டில் அங்கே அச்சான மலிவுப் பாட்டுப் புத்தகங்களில் இடம்பெற்றது. நம் நாட்டிலும் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களைச் சந்தையில் பாடி விற்ற வழக்கம் இருந்ததன்றோ? அச்சில் பிறந்த பாட்டு வாயில் வளர்ந்து, வேறொரு நாட்டின் பேரைத் தாங்கிக்கொண்டது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. நாட்டுப்பாட்டு, பெற்றவரைவிட வளர்த்தவருக்கே உரியது.

நாம் கருத்தூன்றிப் பார்க்கவேண்டியது வேறு. லான்பியர் எழுதிய பாட்டின் தலைப்பிலும் பல்லவியிலும் வருகிறவன் நாடோடி அல்லன், கெட்ட இல்லறத்தான். வீட்டை நடத்த வேண்டியவன், வீட்டுப் பொருளைக் கட்டிக் காக்க வேண்டியவன், அதை அழித்துவிட்டு, இனிக் கெட்ட இல்லறத்தானாக இருக்கமாட்டேன், காசைச் சேர்த்து வைப்பேன் என்று உறுதி கூறுகிறான். முந்நூறு ஆண்டுகள் ஊர் ஊராய்ப் போய் வந்த பாட்டில் இல்லறத்தான் மறைந்துவிட்டான், நாடோடி வந்துவிட்டான். நாடோடிக்கு வீடு ஏது? அவன் திரும்பிப் போக ஒரு தாயும் தந்தையும் மட்டுமே மிஞ்சினர். அவனுக்காக உலை வைத்துக் காத்திருப்பவள் ஒருத்தி உண்டு என்ற நினைவே பாட்டிலிருந்து கழன்றுபோயிற்று. கூட்டமாகக் கைதட்டிப் பாட ஏற்றதாக அது ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம். மனைவி இருக்கும் பாட்டை மதுக்கடையில் உட்கார்ந்து பாடுவது கடினம். பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்பதோ, கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பாடத்தக்க சங்கதி.

குடியை விட்டவனின் பாட்டு குடிப்போரின் பாட்டாக மாறியது விந்தை என்று பலர் எழுதுகின்றனர். நமக்கு அது விந்தையாகப் படவில்லை. பாட்டில் ஒருவன் நமக்காகக் குடியை விட்டுவிடுகிறான். அவன் விட்டுவிட்டபடியால் நாம் விடவேண்டியதில்லை. பச்சாத்தாபத்தின் இன்பத்தைச் செலவின்றி அனுபவிக்கலாம். கைதட்டும் அந்த நான்கு நொடியில்தான் கோப்பை மேசைமீது இருக்கிறது.

இவ்வளவு சொன்னதால் நாம் அப்பாட்டை இகழ்வதாக எண்ணவேண்டாம். அதில் நம் மதுவிலக்குப் பாட்டுகள் ஒன்றுக்கும் வாய்க்காத ஒரு சிறப்பு இருக்கிறது. அது ‘நான்’ என்று தொடங்குகிறது.

நம்மவர் மதுவிலக்குக்காகச் செய்த எழுத்துத் தொண்டு சிறிதன்று. 1929 இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியராக இருந்து கதைகள் எழுதினார். 1937 இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. அந்தக் காலத்து மேடைகளிலும் பஜனைகளிலும் பாடிய மதுவிலக்குப் பாட்டுகளைப்போன்றவை மலாயாத் தோட்டங்களிலும் பாடப்பட்டன. ஆயினும் அவை இன்று யார் வாயிலும் இல்லை. நாம் கேட்டவரையில், அவற்றில் பெரும்பாலானவை ‘நீ’ என்று தொடங்கின. குடிக்காதே, கெடாதே, பெண்டு பிள்ளையைப் பார், என்று மேடைமீது நிற்பவர் கீழே நிற்பவனுக்குச் சொன்னார். சொன்னவர் குடியாதவர், கேட்டவனும் அதை அறிவான். அப்படிப்பட்ட பாட்டு கூட்டம் கலையும் வரையில் உயிரோடிருக்கும். வீட்டுக்கு நடந்து போகையில் யாரும் அதை முணுமுணுப்பதில்லை. தன்னைத் தானே ‘நீ’ என்று திட்டிக்கொண்டு நடப்பவர் எத்தனை பேர்?

நம் இலக்கியம் தன்மையில் பாடாமலில்லை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டு (235 ஆம் பாட்டு) கள்ளைக்கொண்டே தொடங்குகிறது. சிறிது கள் கிடைத்தால் அதைப் புலவர்க்கே கொடுத்துவிடுவானாம். மிகுதியாகக் கிடைத்தால், புலவர் உண்டு பாடத் தானும் கூட உண்டு மகிழ்வானாம். அத்தகையவன் மார்பில் பாய்ந்த வேல் எத்தனை பேரைத் துளைத்தது என்று அம்மையார் கதறுகிறார். சங்க இலக்கியத்தில் கள் இருக்கிறது, ஆகவே குடி தமிழர் பண்பாடு என்று வாதாடும் நண்பர்கள் ஈப்போவிலும் உண்டு. கூட்டத்துக்கு ஒருவராவது இருப்பார். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். அந்தப் பாட்டில் கள் ஈகையின் அளவுகோல். அளந்து பார்க்கப்படுவது அதியமானின் கை. அந்தக் கள்ளுக்கு விலை இல்லை, விற்றவர் இல்லை, மறுநாள் கணக்குப் பார்த்தவர் இல்லை. கொடுத்த கள்ளைப் பாடிய பாட்டை, விற்ற கள்ளுக்குச் சாட்சியாக இழுப்பது நேர்மையாகாது.

விலையைக் கண்டவர் வள்ளுவர். கள்ளுண்ணாமை அதிகாரத்தின் பத்துக் குறளில் ஒன்று, பொருளைக் கொடுத்துத் தன் உணர்வை மறக்கும் நிலையை வாங்குவது எத்தகைய பேதைமை என்று கேட்கிறது. நமக்குத் தெரிந்தவரையில், குடியைக் கடைக்கணக்காகப் பார்த்த முதல் தமிழ்க் குரல் அதுவே. மற்றொன்று, தான் குடியாத வேளையில் குடித்த இன்னொருவனைக் காணும்போது தன் சோர்வு நினைவுக்கு வராதோ என்கிறது; ‘நான்’ என்னும் வாசல்வரையில் குறள் வந்துவிடுகிறது. எனினும் அந்த அதிகாரத்தையும் பாட்டியாரின் கண்கொண்டு நாம் மறுபடி படித்துப் பார்த்தோம். பெற்ற தாய் வருகிறாள். குடியனின் முகம் அவளுக்கே துன்பம் தரும் என்கிறார். உள்ளூரார் வருகின்றனர், மறைவில் குடிப்பவனைக் கண்டு சிரிக்கின்றனர். சான்றோர் வருகின்றனர். மனைவி வரவில்லை. பெண் என்று வேறொருத்தி வருவது உருவகமாக மட்டும்: நாணம் என்னும் நல்லாள் குடியனுக்கு முதுகு காட்டிப் போய்விடுவாளாம். நாணத்துக்கு முதுகு காட்டிப் போகும் உரிமை இருந்தது. லயத்தில் அடுப்பண்டை உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த உரிமை ஏது? வள்ளுவரைக் குறை கூற நாம் துணியவில்லை. வாழ்க்கைத்துணைக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் அவர். ஆனால் கள்ளின் அதிகாரத்தில் அவளுக்கு இடம் நேரவில்லை என்பதும், ஆயிரம் காதத்துக்கு அப்பால் பிறந்த அந்த ஆங்கிலப் பாட்டிலும் தாய் மட்டும் நின்று மனைவி மறைந்தாள் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

நிற்க. நம் தோட்டத்துக் கள்ளுப் பாட்டுகளுக்கு வருவோம்.

பால்மரக் காட்டில் விடியுமுன் பெரட்டு. மங்கிலே பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து, லயத்துக்குத் திரும்பினால் பிற்பகல். கள்ளுக்கடை திறப்பதும் அந்நேரமே. அக்கடை பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. அதன் உரிமம் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தது. சம்பளம் கொடுத்தவரும், அந்தச் சம்பளத்தைக் கோப்பை கோப்பையாகத் திருப்பி வாங்கியவரும் ஒருவரே. சம்சுவைக் குடித்துச் சாவதைவிடக் கள் மேல் என்றும், கடை லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாகும் என்றும் அன்றைய அதிகாரிகள் நியாயம் சொன்னார்கள். ஒருவன் தன் கூலியைக் குடித்து, அந்தக் குடியின் லாபத்திலிருந்து தனக்கே நன்மை பெறுவான் என்னும் இந்தக் கணக்கை விளங்கிக்கொள்ள நமக்கு இன்றளவும் புத்தி போதவில்லை.

அந்தக் கடை வாசலில் பிறந்த பாட்டுகளை நாம் சிறு வயதிற் கேட்டிருக்கிறோம். அவற்றைக் கீழ்த்தரமானவை என்று ஒதுக்கும் சீர்திருத்த நண்பர்களோடு நமக்கு உடன்பாடில்லை. பெரட்டுக் களத்தில் தலை குனிந்து நின்றவன் கள்ளுக்கடை வாசலில் தலை நிமிர்கிறான். கங்காணியை ஏசுகிறான். கிராணியின் நடையை நடந்து காட்டுகிறான். துரையின் அரைகுறைத் தமிழைப் பேசிக் காட்டி வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கிறான். பகலில் சொன்னால் வேலை போகும் சொல்லை மாலையில் மெட்டுப் போட்டுச் சொல்கிறான். வெறியில் சொன்னது என்று மறுநாள் மன்னிக்கப்படலாம் என்ற தைரியம் அவனுக்கு உண்டு. அதிலே உண்மையான இலக்கியச் சுவை இருக்கிறது. ஒரு மணி நேரத்து மனிதத்தன்மை இருக்கிறது. அயர்லாந்தின் ஏழைகளும் இவ்வாறே தம் நிலக்கிழாரைப் பாடியவர்கள். ஆகையால்தான் அந்தத் தம்பியின் பாட்டு நம் பந்தலில் அந்நியமாக ஒலிக்கவில்லை போலும். கெடா மாநிலத்தில் காராங்கான் பக்கம் டப்ளின் என்றே பேர்கொண்ட தோட்டம் ஒன்று உண்டு. அத்தோட்டத்துப் பிள்ளைகள் டப்ளின் என்பது இன்னொரு தேசத்தின் தலைநகரம் என்பதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்துத்தான் அறிந்திருப்பர்.

ஆனால் இந்தப் பாட்டுகளில் கங்காணி உண்டு, கிராணி உண்டு, துரை உண்டு, கடை இல்லை. கடை வாசலில் நின்றுகொண்டு எல்லாரையும் ஏசுகிறவன் கடையை ஏசுவதில்லை. கள்ளின் குளிர்ச்சியைப் புகழ்கிறான், ஊற்றுகிறவனைக் கேலி செய்கிறான், அளவு குறைந்தால் சண்டைக்குப் போகிறான். அந்தக் கடை யாருடையது, அங்கே போடும் காசு எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று நாம் கேட்ட பாட்டில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. இவ்விஷயத்தில் ஆங்கிலப் பாட்டு நம் பாட்டைவிட ஓரடி முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதில் கடைக்காரி சோதிக்கப்படுகிறாள். காசில்லாதபோது ஒரு முகம், காசைக் கண்டதும் ஒரு முகம். அவள் நட்பின் விலை பத்துப் பொற்காசு என்பது நம் கண்ணெதிரே எண்ணிக் காட்டப்படுகிறது. முழுப் பாட்டிலும் உயர்ந்த இடம் அதுவே. குடியால் உடல் கெடும், மானம் போகும் என்று ஒரு வார்த்தையும் இல்லை. உன்னை அங்கே யாரும் விரும்பவில்லை, உன் காசை விரும்பினார்கள் என்ற ஒன்று மட்டும் நாடகமாக நடந்துவிடுகிறது.

குறையும் உண்டு. அந்தப் பொற்காசு எங்கிருந்து வந்தது? பாட்டு சொல்வதில்லை. குடித்தே அழிந்தவன் ஒருநாள் பை நிறையப் பொன்னோடு வந்து நிற்கிறான். பொன் இருப்பதால்தான் அவனுடைய விரதமும் அழகாயிருக்கிறது. பொன்னில்லாதவன் அதே கடையில் கடன் மறுக்கப்பட்டு வெளியே வந்தால் அது விரதமன்று, வறுமை. நம் தோட்டத்தான் பத்துப் பொற்காசோடு எந்தக் கடைக்குத் திரும்ப முடியும்? 1920களின் இறுதியில் எளிதில் சென்று சேரக்கூடிய தோட்டங்களுக்கு அரசாங்கம் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பெண்ணுக்கு 40 காசு என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். அவள் கணவன் கொண்டுவருவதை எதிர்பார்த்து வீட்டில் இருந்தவள் அல்லள். அவனோடு விடியுமுன் எழுந்து அதே மரங்களை வெட்டியவள். அவளுடைய காசும் அந்தக் கடைக்குப் போயிற்று. பிறகு மளிகைக்கடைப் படியில் நின்று அரிசிக்கும் கருவாட்டுக்கும் பற்று எழுதச் சொன்னவளும் அவளே. பாட்டியார் சொன்ன வாக்கியத்தின் முழுப் பொருள் இது. குடித்தவன் கடன்காரன் ஆகவில்லை. அவன் கைக்காசு கொடுத்துக் கண்ணியமாகக் குடித்தான். கடன் புத்தகத்தில் ஏறியது அடுப்படியின் கணக்கு.

பாட்டு கேட்காத கேள்வியைத் தொழிலாளர் சங்கம் கேட்டது. 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலே, கூலி உயர்வோடும், துரைமார் முன்னிலையில் சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிப்பதோடும், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. போருக்குப்பின் கெடாத் தோட்டங்களில் எழுந்த தொண்டர் படையினர் 1947 இல் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர்; பீடோங்கில் போலீசாரோடு மோதல் நேர்ந்து உயிர்ச்சேதமும் ஆயிற்று. குடிப்பவனைத் திருத்துவது என்பதிலிருந்து கடையை மூடுவது என்பதற்கு நம் மக்கள் தாமே வந்து சேர்ந்தார்கள் என்பதே இவற்றின் பெருமை. இதற்கு முன்மாதிரி தாய்நாட்டில் உண்டு. 1921 இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்கு நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றபோது, குடியின் கணக்கை அறிந்தவர்களே கடைவாசலுக்கு வந்து நின்றார்கள். ஆனால் இத்தனை பெரிய நிகழ்ச்சிகள் வாய்வழிப் பாட்டாக இறங்கவில்லை என்பது நம் குறை. கோஷம் இருந்தது, துண்டறிக்கை இருந்தது. கடையைக் கூண்டிலேற்றும் ஒரு கள்ளுப் பாட்டு பிறக்கவில்லை. பிறந்திருந்தால் நம் காதுக்கு எட்டவில்லை.

அயர்லாந்திலும் இதே கதைதான். 1838 இல் கார்க் நகரில் தியோபால்டு மாத்யூ என்னும் பாதிரியார் முழு மதுவிலக்குச் சங்கம் தொடங்க, சில ஆண்டுகளுக்குள் லட்சக்கணக்கானோர் அவர் முன்னிலையில் இனிக் குடியோம் என்று சத்தியம் செய்தனர். ஆயினும் அந்நாட்டின் பேரால் உலகம் பாடுவது அந்தச் சத்தியத்தையன்று. அந்தத் தம்பி இன்னொரு பாட்டின் கதையையும் சொன்னார். பின்னகன் என்பவன் செங்கல் சுமக்கும் கூலியாள். குடித்துவிட்டு ஏணிமீதிருந்து விழுந்து மண்டை உடைந்து மாண்டான். பிணத்தைச் சுற்றிக் கூடியவர்கள் குடித்து, அடிதடியாகி, ஒருவன் எறிந்த விஸ்கி பிணத்தின்மீது சிந்த, பின்னகன் எழுந்து உட்கார்ந்து, என்னைச் செத்தவன் என்றா நினைத்தீர்கள் என்கிறான். 1864 இல் நியூயார்க்கில் அச்சான பாட்டு அது. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1939 இல் வெளியிட்ட பெரிய நாவலின் பேரும் அதிலிருந்து வந்ததே. கேட்டு நாம் வயிறு நோகச் சிரித்தோம். பின்பு எண்ணிப் பார்த்தோம். அந்தப் பாட்டில் பின்னகனின் மனைவி இருக்கிறாள். அவள் என்ன செய்கிறாள்? வந்தவர்களுக்குத் தேநீரும் பணியாரமும் கொடுக்கிறாள். அழுவதற்குக்கூட அவளுக்கு ஓர் அடி ஒதுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. ஏணிமீது ஏறுபவனுக்குக் குடி எதற்கு வேண்டியிருந்தது என்றும் பாட்டு கேட்பதில்லை. வேலைக்குத் தெம்பாக நாள்தோறும் காலையில் கொஞ்சம் என்று விளையாட்டாகச் சொல்லிப் போகிறது. நம் தோட்டங்களில் கள்ளுக்குச் சொன்ன நியாயத்திலும் இந்தத் தெம்பு உண்டு.

இன்று பேராக்கில் அந்தப் பழைய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும் குடியிருப்புகளும் நிற்கின்றன. தோட்டத்துக் கள்ளுக்கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தென்னை மிகுந்த பாகான் டத்தோ பக்கத்துக்குப் போகிறவர்கள் கள்ளின் பேச்சை இன்னும் கேட்கலாம். ஏனையோருக்குப் புட்டியில் அடைத்த சம்சு இருக்கிறது. அதை வாங்க வாசலில் கூடிப் பாட வேண்டியதில்லை. கூட்டமாகக் குடித்தவன் பாட்டாவது விட்டுப் போனான். தனியே புட்டியோடு உட்கார்ந்திருப்பவன் அதையும் விடுவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே போலும், சினிமா அவனுக்காகக் குடிப்பாட்டுகளை வரவழைத்துக் கொடுக்கிறது. அவற்றில் கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, கடையும் இல்லை. காதலில் தோற்ற கதாநாயகன் ஒருவனும், அவன் தோல்விக்குக் காரணம் என்று ஏசப்படும் பெண் ஒருத்தியும் இருக்கின்றனர். குடிப்பாட்டில் கடைசியாகப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது, குற்றவாளியாக! புந்தோங் பந்தலில் முதலில் பாடப்பட்டவை இவையே.

இத்தகைய பாட்டுகளைத் திருமண வீடுகளில் பாடக்கூடாது என்று தடுக்க வேண்டும் என்கிறார் நம் வாசகசாலை நண்பர் ஒருவர். அவர் நல்லவர், தோட்டத்தில் குடியால் ஒரு தமையனை இழந்தவர். அவர் கோபம் நமக்கு விளங்குகிறது. ஆனால் தடுத்த பாட்டு வேலிக்கு அப்பால் நின்று இன்னும் உரக்கப் பாடும் என்பதே நாம் கண்டது. நாம் அவரிடம் கேட்டுக்கொண்டது வேறு: அந்தப் பாட்டுகளுக்கு எதிர்ப்பாட்டு எங்கே என்று தேடுவோம். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் நம் பெண்கள் குடித்த கணவனைப் பாடாமலா இருந்திருப்பார்கள்? குழந்தையைத் தூங்கவைக்கும் சாக்கில் தந்தையைப்பற்றிச் சொல்வது தமிழ்த் தாய்மாரின் பழைய தந்திரம். அவற்றைக் குடிப்பாட்டு என்று இதுவரை யாரும் வகைப்படுத்தவில்லை. கடைவாசலில் பாடினால்தான் குடிப்பாட்டு என்று எண்ணிவிட்டோம். கடையில் ஒரு பாதியும் அடுக்களையில் ஒரு பாதியுமாகப் பிளந்து கிடந்த ஒரே பாட்டு அது என்று கொண்டால், நாட்டுப்பாடல் தொகுப்போர் இரண்டையும் ஒரே ஏட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதவேண்டியிருக்கும்.

இந்த எண்ணத்தோடு இரண்டு வாரம் கழித்து நாம் அந்தப் பாட்டியாரின் வீட்டுக்கு மறுபடியும் சென்றோம். நண்பரும் உடன் வந்தார். அந்தக் காலத்துத் தாலாட்டு ஏதேனும் நினைவிருக்கிறதா, குடியைப்பற்றிப் பெண்கள் பாடியது ஏதேனும் உண்டா என்று கேட்டோம்.

“பாட்டெல்லாம் எங்க ஐயா, நாலு பிள்ளைய வச்சிக்கிட்டு. வெட்டுக்குப் போவேனா, பாடுவேனா?” என்றார்.

பிறகு என்ன நினைத்தாரோ, உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து வந்தார். மளிகைக் கடைகளில் பற்று எழுதும் 555 புத்தகம். ஓரம் கரையான் அரித்திருந்தது. கணவர் இறந்தபின் எதையோ தேடும்போது கிடைத்ததாம். எறிய மனம் வரவில்லையாம். நண்பர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், சீனி. அரிசி, கருவாடு, தேங்காயெண்ணெய். சம்பள நாளுக்கு மறுநாள் ஒரு சிறு வரவு. உடனே அடுத்த வரியில் மறுபடியும் அரிசி. கடைக்காரர் கையெழுத்து அழகாக இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பாட்டியாரின் பேர் எழுதியிருந்தது. அவர் கணவரின் பேர் புத்தகத்தில் எங்கும் இல்லை.

நண்பர் வாசித்த தொனி மெல்ல ஒரு மெட்டுப்போல் ஆகிவிட்டது. பாட்டியார் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, தேநீர் கலக்க எழுந்து போனார்.